கிரெடிட் கூடவே வருமா? அமெரிக்கத் தனியார் பல்கலைக்கு மாற நினைப்பவர்களின் கேள்விகள்

படித்துக்கொண்டிருக்கும் கல்லூரியை விட்டு, நடுவில் இன்னொரு பல்கலைக்கழகத்தில் சேர்வதை அமெரிக்காவில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்கிறார்கள். முடிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கணக்கில் சேரும் அலகுதான் ‘கிரெடிட்’; பட்டம் பெற அது குறிப்பிட்ட எண்ணிக்கை சேர வேண்டும். தனியார் பல்கலைகளுக்கு இப்படி விண்ணப்பிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் “இடம் கிடைக்குமா?” என்று கேட்கின்றன. “சேர்ந்த பிறகு எத்தனை செமஸ்டரில் பட்டம் கைக்கு வரும்?” என்பது அபூர்வமாகத்தான் வருகிறது. குடும்பத்தின் பணமும் பிள்ளையின் காலமும் கரைவது இந்த இரண்டாவது கேள்வியில்தான் என்பதால், பதில்களில் அதையே அதிகம் பேசியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுக் கல்லூரி) முதலாண்டு படிக்கிறாள். மே மாதம் 30 கிரெடிட் முடிந்துவிடும். ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) 3.8. இப்போதே தனியார் பல்கலைக்கு விண்ணப்பிக்கட்டுமா, இரண்டாண்டு முடித்துவிட்டுப் போகட்டுமா?
— ஒரு தாய், சான் ஹோசே

இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் தேர்வுக் குழு இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. இரண்டாம் ஆண்டில் சேர்வதற்காக இப்போதே விண்ணப்பித்தால், மார்ச் மாதத்தில் உங்கள் மகளிடம் இருப்பது ஒரே ஒரு செமஸ்டரின் மதிப்பெண். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால் பள்ளி மதிப்பெண்ணுக்கு எடை கூடும். கேட்கும் இடங்களில் எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக்கும் கூடும். ஓராண்டு பொறுத்து மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பித்தால் மூன்று செமஸ்டர் கல்லூரி மதிப்பெண் முன்னால் நிற்கும், பள்ளிக்காலம் பின்னுக்குப் போய்விடும். பள்ளியில் சுமாராக இருந்து கல்லூரியில் எழுந்து நின்ற பிள்ளைக்குப் பொறுப்பதுதான் நல்லது. பள்ளியிலும் முதல் வரிசையில் இருந்தவள் என்றால் இப்போதே முயலலாம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கப் பெரும்பாலான இடங்களில் தடையில்லை.

ஆனால் இரண்டாண்டைத் தாண்டி இழுக்காதீர்கள். தனியார் பல்கலைகளில் பட்டத்தின் ஏறத்தாழ பாதியை அவர்களிடமே படிக்க வேண்டும் என்பது பொது விதி. ஹார்வர்டில் குறைந்தது ஓராண்டு முடித்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் வேறிடத்தில் படித்துவிட்டால் விண்ணப்பிக்கவே தகுதி இல்லை. யேலில் பட்டத்துக்கான 36 பாட அலகில் 18-ஐ அங்கேதான் முடிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் பட்டத்துக்கு 180 குவார்ட்டர் யூனிட் (செமஸ்டரைவிடச் சிறிய பருவத்தின் அலகு) தேவை. வெளியிலிருந்து கொண்டுவருவது 90-ஐத் தாண்டக் கூடாது. யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலை) 128 யூனிட் பட்டத்துக்கு 64 வரை ஏற்கிறது. ஆகவே 80 கிரெடிட் சேர்த்துக்கொண்டு போகும் மாணவிக்கு 64-க்கு மேற்பட்டது கிரெடிட்டாக எண்ணப்படாது. அதற்குக் கட்டிய கட்டணமும் உழைத்த கோடைக்காலமும் வீண்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் ‘அசிஸ்ட்’ இணையதளம் யூசி, கால் ஸ்டேட் ஆகிய அரசுப் பல்கலைகளுக்கானது. கவுன்சிலர் கொடுக்கும் பொதுப்பாடப் பட்டியலும் அவற்றை மனதில் வைத்துத்தான் வகுக்கப்பட்டது. தனியார் பல்கலை அந்தப் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பும் தனியார் பல்கலை உங்கள் மகளின் கல்லூரியோடு தனியாகப் பாட ஒப்பந்தம் வைத்திருக்கிறதா என்று அதன் டிரான்ஸ்ஃபர் பக்கத்தில் தேடுங்கள். இருந்தால் அடுத்த செமஸ்டர் பாடங்களை அதைப் பார்த்தே எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் அரசுப் பல்கலையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. “60 கிரெடிட் வரை மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு தனியார் பல்கலை சொல்கிறது. அப்படியானால் மீதி இரண்டே ஆண்டுதானே?
— ஒரு வாசகர், டெக்சஸ்

இல்லை. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கணக்குத் தவறுகின்றன. “60 வரை” என்பது உச்சவரம்பு மட்டுமே. அந்த 60-இல் எத்தனை ஏற்கப்படும், ஏற்கப்பட்டதில் எத்தனை மேஜருக்கு (முதன்மைத் துறைப் படிப்புக்கு) எண்ணப்படும் என்பவை தனித்தனிக் கேள்விகள்.

ஒரு கிரெடிட் மூன்று விதமாகப் போய்ச் சேரலாம். கட்டாயப் பாடத்துக்கு ஈடாக அமர்வது முதல் வகை. நமக்கு வேண்டியது இதுதான். பொதுப்பாடமாக அமர்வது அடுத்தது. ‘எலெக்டிவ்’ என்ற பெயரில் வெறும் எண்ணிக்கையாக நிற்பது கடைசி. இன்ஜினீயரிங் போன்ற துறைகளில் எலெக்டிவுக்கு இடம் மிகக் குறைவு. அந்த இடம் நிரம்பிய பிறகு வரும் எலெக்டிவ் கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) தெரியுமே தவிர, பட்டத்தை ஒரு நாள்கூட முன்னால் கொண்டுவராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட். 60 ஏற்கப்பட்டது, ஆனால் பட்டத்துக்கு எண்ணப்பட்டது 42 என்று வையுங்கள். மீதி 78. செமஸ்டருக்கு 15 என்றால் 5 செமஸ்டருக்கு மேல் வருகிறது, அதாவது 6 செமஸ்டர். இரண்டாண்டு என்று நினைத்தது மூன்றாண்டு ஆகிவிட்டது. மூன்றாவது ஆண்டின் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் தனியார் பல்கலை விலையில்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. பாடங்கள் சங்கிலியாகப் பிணைந்திருக்கும். கணிதம் மூன்றாம் பகுதி முடிந்தால்தான் டிஃபரன்ஷியல் சமன்பாடு, அது முடிந்தால்தான் சர்க்யூட், அதன் பிறகே சிக்னல்ஸ். இதில் ஒரே ஒரு பாடம் ஏற்கப்படாமல் போனால், பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். சில பாடங்களை ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்துவார்கள்; அங்கே தவறினால் முழு ஆண்டும் போய்விடும். ஆகவே கிரெடிட்டை எண்ணுவதற்கு முன்னால், மேஜரின் பாட வரைபடத்தை எடுத்து, எந்தப் பாடம் எதற்கு முன்நிபந்தனை என்று கோடு போட்டுப் பாருங்கள்.

ஏற்காமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் இவைதான். சி-க்குக் கீழே உள்ள கிரேடு (சில இடங்கள் மேஜர் பாடத்துக்கு பி கேட்கும்). கிரேடு இல்லாமல் பாஸ்/ஃபெயில் என்று எடுத்த பாடம். கல்லூரி நிலைக்குக் கீழே உள்ள அடிப்படைக் கணிதமும் ஆங்கிலமும். லேப் இல்லாமல் எடுத்த அறிவியல் பாடம். தொழில் பயிற்சிப் பாடங்கள். பிறகு குவார்ட்டர் கணக்கு: 1 குவார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர் கிரெடிட். 5 குவார்ட்டர் யூனிட் கால்குலஸ் 3.33 ஆகத்தான் வரும். புதிய இடத்தில் அது 4 கிரெடிட் பாடம் என்றால் ஈடாகுமா என்று துறையைக் கேட்டே ஆக வேண்டும்.

பள்ளியில் எழுதிய ஏபி (கல்லூரி நிலைப் பாடத்) தேர்வு மதிப்பெண் தானாகப் பின்தொடராது. இப்போதைய கல்லூரி ஏபிக்குக் கிரெடிட் கொடுத்து டிரான்ஸ்கிரிப்டில் எழுதியிருந்தாலும், புதிய பல்கலை அதைப் பார்ப்பதில்லை. ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து மதிப்பெண்ணை நேரடியாக அனுப்பி, அவர்களுடைய ஏபி விதிப்படி புதிதாக மதிப்பிட வைக்க வேண்டும். முன்பு 4 மதிப்பெண்ணுக்குக் கிடைத்த கிரெடிட்டை இங்கே 5 இருந்தால்தான் தருவார்கள் என்பதும் நடக்கிறது.

சிலபஸைப் பத்திரப்படுத்துங்கள். வாரவாரியாக நடத்திய தலைப்புகள், பாடப்புத்தகத்தின் பெயரும் பதிப்பும், வகுப்பு நேரம், லேப் நேரம், மதிப்பெண் பங்கீடு எல்லாம் உள்ள முழு சிலபஸ் வேண்டும். நான்கு வரிப் பாட விளக்கத்தை வைத்துக்கொண்டு எந்தப் பேராசிரியரும் ஈடு கொடுக்க மாட்டார். செமஸ்டர் முடிந்ததும் கல்லூரியின் பாடத்தளத்தில் பழைய வகுப்புகளை மூடிவிடுவதுண்டு. முடிவதற்கு முன்பே பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: கிரெடிட் வரும், கிரேடு வராது. பெரும்பாலான இடங்களில் புதிய பல்கலையின் ஜிபிஏ பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய 3.9 கைகொடுக்காது, முதல் செமஸ்டர் சறுக்கினால் அது பளிச்சென்று தெரியும்.

கேள்வி: காமன் ஆப்பில் பள்ளி முடித்தபோதே விண்ணப்பித்திருக்கிறேன். அதையே திருத்தி அனுப்பலாமா? புதிதாக என்னென்ன கேட்பார்கள்?
— ஒரு மாணவி, ஒஹையோ

பல பல்கலைகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் முற்றிலும் தனி. முதலாண்டு விண்ணப்பத்தை மாற்றி எழுதி அனுப்ப முடியாது. பல்கலையின் பக்கத்தைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். தேர்வு மதிப்பெண், உதவித்தொகை, கடைசித் தேதி எல்லாமே டிரான்ஸ்ஃபருக்கு வேறாக இருக்கும். முதலாண்டுப் பக்கத்தில் “எஸ்ஏடி கட்டாயமில்லை” என்று பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இலையுதிர் செமஸ்டருக்குப் பெரும்பாலான பெரிய தனியார் பல்கலைகளின் கடைசித் தேதி மார்ச் 1-இலிருந்து 15-க்குள் வரும். ஹார்வர்டும் யேலும் மார்ச் தொடக்கத்தில், ஸ்டான்ஃபோர்டும் கார்னெலும் மார்ச் நடுவில் முடித்துவிடுவது வழக்கம். யுஎஸ்சி பிப்ரவரியிலேயே மூடிவிடும். என்ஒய்யூ (நியூயார்க் பல்கலை) ஏப்ரல் தொடக்கம் வரை தரும். ஒவ்வோர் ஆண்டும் சரிபாருங்கள்.

விண்ணப்பத்தில் அதிக நேரம் தின்பது பாடங்களைப் பதிவு செய்யும் பகுதி. இதைக் கேட்கும் இடங்களில், நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரிப் பாடத்தையும் செமஸ்டர் வாரியாக, பாட எண், பெயர், கிரெடிட், கிரேடு என்று டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே தட்ட வேண்டும். ஞாபகத்திலிருந்து எழுதினால் கட்டாயம் பிழை வரும். டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இப்போது படிப்பவை, சேரும் முன் படிக்கப்போகிறவை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட் என்றால் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் நேரடியாகப் போக வேண்டும். பள்ளியில் இருந்தபோது கம்யூனிட்டி காலேஜில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு டிரான்ஸ்கிரிப்ட். கூடவே பள்ளியின் இறுதி டிரான்ஸ்கிரிப்ட், பட்டமளிப்புத் தேதியோடு. கல்லூரியில் நூலக அபராதமோ பார்க்கிங் கட்டணமோ பாக்கி இருந்தால் ‘ஹோல்டு’ விழுந்திருக்கும். டிரான்ஸ்கிரிப்ட் வெளியே போகாமல் நின்றுவிடலாம். ஜனவரியிலேயே மாணவர் கணக்கைத் திறந்து பாருங்கள்.

இவற்றோடு இரண்டு படிவங்கள் உண்டு. விண்ணப்பம் அரைகுறையாக நிற்பது பெரும்பாலும் இவற்றால்தான். ஒன்று ‘காலேஜ் ரிப்போர்ட்’. நீங்கள் நல்ல நிலையில் படிக்கிறீர்களா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று டீன் அலுவலகமோ ரெஜிஸ்ட்ரார் அலுவலகமோ நிரப்பித் தருவது. இதில் கையெழுத்திடுவது யார் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெரிய அரசுப் பல்கலைகளில் மேசை மேசையாக அலைய வேண்டி வரலாம். குறைந்தது நான்கு வாரம் முன்னதாகக் கொடுங்கள். மற்றொன்று ‘மிட்-டெர்ம் ரிப்போர்ட்’. இப்போது நடக்கும் ஒவ்வொரு பாடத்திலும் இன்றைய நிலையில் என்ன கிரேடு என்று அந்தந்த ஆசிரியரிடம் எழுதி வாங்குவது. மார்ச் தொடக்கத்தில் பல வகுப்புகளில் ஒரு தேர்வுகூட நடந்திருக்காது. அதனால் கடைசித் தேதிக்குப் பிறகு இதை அனுப்பப் பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனால் அந்த வாரங்களில் வசந்த விடுமுறை குறுக்கே வரும். விடுமுறைக்கு முன்னாலேயே ஆசிரியர்களின் அலுவலக நேரத்தில் போய் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: 300 பேர் உட்காரும் வகுப்புகள். எந்தப் பேராசிரியருக்கும் என் பெயர் தெரியாது. பரிந்துரைக் கடிதத்துக்கு யாரிடம் போவது? லேப் நடத்தும் டீச்சிங் அசிஸ்டென்ட் எழுதினால் போதுமா?
— ஒரு மாணவர், இலினாய்ஸ்

கல்லூரியில் உங்களுக்குப் பாடம் எடுத்தவர் எழுத வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களின் நிபந்தனை. டீச்சிங் அசிஸ்டென்ட் எழுதியதைப் பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் சில இடங்கள் ஏற்கும். அது இல்லாவிட்டால், கட்டுரை வகுப்பு, மொழி வகுப்பு, கலந்துரையாடல் வகுப்பு என்று 20, 25 பேர் மட்டும் உள்ள ஏதாவது ஒன்று உங்கள் அட்டவணையில் இருக்கும். அந்த ஆசிரியரைத் தேடிப் போங்கள். புகழ்பெற்ற பேராசிரியரின் நான்கு பொது வரிகளைவிட, நீங்கள் திருத்தி எழுதிய மூன்றாவது கட்டுரையைப் படித்தவரின் ஒரு பக்கம் பல மடங்கு மதிப்புள்ளது.

செப்டம்பரிலிருந்தே அலுவலக நேரத்துக்குப் போகத் தொடங்குங்கள். நவம்பர் கடைசியில் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் நல்ல இரண்டு தாள்கள், எங்கே எதற்காக மாறுகிறீர்கள் என்று அரைப் பக்கம், கடைசித் தேதிகள் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மாறிப் போவதாகச் சொன்னால் ஆசிரியர் வருத்தப்படுவாரோ என்ற தயக்கம் வேண்டாம். காரணம் படிப்பு சார்ந்ததாக இருந்தால் பெரும்பாலோர் மனமுவந்து எழுதுவார்கள்.

கேள்வி: ஏன் மாறுகிறாய் என்று கட்டுரை கேட்கிறார்கள். இப்போதைய கல்லூரி சரியில்லை என்பதுதான் உண்மை. எழுதலாமா?
— ஒரு மாணவி, ஜார்ஜியா

குறை சொல்ல இரண்டு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் “இங்கே ஆராய்ச்சி வாய்ப்பு இல்லை” என்பது ஒரு புகார். “இங்கே உள்ள மொழியியல் பாடங்கள் இரண்டையும் முடித்துவிட்டேன், குழந்தைகளின் மொழி கற்றல் பற்றிய பாடம் இங்கே இல்லை, உங்களிடம் அதற்கு மூன்று பாடமும் ஓர் ஆய்வுக்கூடமும் உண்டு” என்பது காரணம். படிப்பவர் தேடுவது இரண்டாவதை. இருக்கும் இடத்தில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த படிக்காக வருகிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

நகரம் பிடிக்கும், பெயர் பெற்ற பல்கலை, வளாகம் அழகு என்பவற்றை அறவே விடுங்கள். பல்கலையின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டாலும் கட்டுரை பொருந்துகிறதா என்று சோதியுங்கள். பொருந்தினால் மறுபடி எழுத வேண்டும். காமன் ஆப்பின் பொதுக் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 வார்த்தை. பல்கலைகள் தனியாகக் கேட்பவை அதைவிடச் சிறியவை.

கேள்வி: முதலில் சேர்ந்த கல்லூரியில் உடல்நலம் கெட்டு ஒரு செமஸ்டரில் மூன்று பாடத்தில் எஃப். பிறகு வேறு கல்லூரியில் சேர்ந்து நன்றாகப் படிக்கிறேன். பழைய கல்லூரியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கூடாது. எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தீர்கள் என்பது ‘நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ்’ பதிவுகளில் இருக்கும். பல்கலைகள் அதைப் பார்க்க முடியும். மறைத்தது தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவார்கள். சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தாலும் வெளியேற்ற முடியும். எஃப் மதிப்பெண்ணை விளக்க முடியும். மறைத்ததை விளக்க வார்த்தையே கிடையாது.

கூடுதல் தகவல் பகுதியில் ஐந்தாறு வரி போதும்: எந்த மாதம் என்ன நடந்தது, எப்போது சரியானது, அதன் பிறகு எத்தனை கிரெடிட் என்ன கிரேடோடு முடித்தீர்கள். முடிந்தால் அந்த மூன்று பாடங்களில் மேஜருக்குத் தேவையானதை இப்போதைய கல்லூரியில் மறுபடி எடுத்து நல்ல கிரேடு காட்டுங்கள். நோயின் விவரத்தை விரித்து எழுத வேண்டிய தேவை இல்லை.

கேள்வி: எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்குத் தனியார் பல்கலையில் உதவித்தொகை கிடைக்குமா? இங்கேதான் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள்.
— ஒரு தந்தை, நியூ ஜெர்சி

எத்தனை ஆண்டு இங்கே படித்திருந்தாலும், எச்-4-இல் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசா) இருப்பவருக்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தின் வழி வரும் மத்திய அரசின் உதவி கிடையாது. பெரும்பாலான தனியார் பல்கலைகள் உதவிக் கணக்கில் அவரை வெளிநாட்டு மாணவராகவே வைக்கும். இது மனதைச் சுடும் விஷயம்தான், ஆனால் திட்டமிட இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஒரே ஆறுதல், அரசுப் பல்கலை போல மாநிலத்துக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு கட்டணம் தனியாரில் இல்லை.

பல்கலையின் சொந்தப் பணத்திலிருந்து உதவி வருமா என்பதற்கு, இணையதளத்தில் “டிரான்ஸ்ஃபர்”, “வெளிநாட்டு மாணவர்” என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் பத்தியைத் தேடிப் படியுங்கள். முதலாண்டு மாணவருக்குக் குடும்ப வசதியைப் பார்க்காமல் இடம் தரும் பல்கலையே, டிரான்ஸ்ஃபர் மாணவருக்கோ வெளிநாட்டவருக்கோ வசதியைப் பார்க்கலாம். யுஎஸ்சி வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படையிலான உதவி தருவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. “முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு கேட்கலாம்” என்ற யோசனை இங்கே வழியையே அடைத்துவிடும்.

உதவி கேட்பதாக இருந்தால், குடும்பத்தின் நிதி விவரம் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் தேவைப்படும். அதன் கடைசித் தேதி விண்ணப்பத் தேதியோடு ஒட்டியே வரும். இப்போதைய கல்லூரி தரும் உதவித்தொகை கூட வராது. மதிப்பெண்ணுக்கான மெரிட் தொகையும் டிரான்ஸ்ஃபர் மாணவருக்குக் குறைவு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுபவர்களுக்கு மட்டும் இரண்டு நல்ல கதவுகள் உண்டு: நன்றாகப் படிக்கும் ஈராண்டுக் கல்லூரி மாணவர்களுக்கான ஃபை தீட்டா காப்பா அமைப்பின் உறுப்பினர்களுக்குப் பல பல்கலைகள் தரும் தொகை, ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தரும் டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை. பின்னதற்குப் போட்டி மிகக் கடுமை. கடைசித் தேதியும் பல்கலை விண்ணப்பத் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடும்.

மகளுக்கு 21 வயது எந்த மாதம் என்பதையும் பாருங்கள். அன்றோடு எச்-4 முடிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே எஃப்-1 (மாணவர் விசா) போன்ற வேறு நிலைக்கு மாறும் மனு போயிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆண்டிலேயே இந்த வயது வருவது மிகச் சாதாரணம்.

கேள்வி: எஃப்-1 விசாவில் ஓராண்டு முடித்துவிட்டேன். பல்கலை மாறினால் புது விசா எடுக்க வேண்டுமா?
— ஒரு மாணவர், மிச்சிகன்

வேண்டாம். மாறுவது, வெளிநாட்டு மாணவர்களை அரசு கண்காணிக்கும் ‘செவிஸ்’ கணினித் தொகுப்பில் உள்ள உங்கள் பதிவு. புதிய பல்கலையின் இட ஒப்புதல் கடிதத்தோடு இப்போதைய கல்லூரியின் டிஎஸ்ஓ-வை (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரம் பார்க்கும் அலுவலரை) பாருங்கள். அவர் உங்கள் பதிவை விடுவிக்கும் தேதியைக் குறிப்பார். அந்தத் தேதி வந்த பிறகே புதிய பல்கலை ஐ-20 (மாணவர் விசா தகுதிக்கான சான்றுப் படிவம்) தர முடியும். செவிஸ் எண் மாறாது, செவிஸுக்கான ஐ-901 கட்டணம் மறுபடி கட்டத் தேவையில்லை. விசா முத்திரை காலாவதியாகாமல் இருந்தால், பழைய பல்கலையின் பெயர் அதில் இருந்தாலும் புதிய ஐ-20-ஐ வைத்துத் திரும்பி வரலாம்.

விடுவிக்கும் தேதியைக் குறிக்கும்போதுதான் கவனம் வேண்டும். அன்றோடு பழைய வளாகத்தில் வேலை செய்யும் உரிமை முடியும். கோடையில் அங்கே வேலை இருந்தால் தேதியைத் தள்ளி வையுங்கள். ஆனால் ஆகஸ்டில் ஊருக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால், ஐ-20 கைக்கு வர நேரம் விட்டு முன்னதாக வையுங்கள். பதிவை ஒரே ஒரு பல்கலைக்குத்தான் விடுவிக்க முடியும் என்பதால், இரண்டு இடத்திலிருந்து பதில் எதிர்பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். இடைவெளி ஐந்து மாதத்தைத் தாண்டக் கூடாது. புதிய ஐ-20-இல் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் புதிய டிஎஸ்ஓ-விடம் பதிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் எஃப்-1 நிலை கெடாமல் இருந்தால்தான். இப்போதைய கல்லூரியில் டிஎஸ்ஓ அனுமதி இல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் சிக்கல். முழுக்க இணையவழி நடக்கும் பாடத்தில் செமஸ்டருக்கு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான், அந்த 12-இல் சேரும். 2025 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்மொழிந்த விதிகளில், முதல் கல்வியாண்டு முடியும் முன் பல்கலை மாறுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே அன்றைக்கு அமலில் உள்ள விதியை டிஎஸ்ஓ-விடம் கேட்டுவிட்டே எதையும் செய்யுங்கள்.

கேள்வி: எங்கே வாய்ப்பு அதிகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, வட கரோலினா

‘காமன் டேட்டா செட்’ என்ற அறிக்கையைப் பல பல்கலைகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் டி பிரிவு டிரான்ஸ்ஃபருக்கானது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஏற்கும் குறைந்தபட்ச கிரேடு, கொண்டுவரக்கூடிய அதிகபட்சக் கிரெடிட் எல்லாம் அதே பக்கத்தில் கிடைக்கும். பல்கலையின் பெயரோடு சேர்த்துத் தேடினால் வந்துவிடும். மூன்று ஆண்டு அறிக்கையை அடுத்தடுத்துப் பாருங்கள். காலியாகும் இடத்தைப் பொறுத்து எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும்.

வேறுபாடு மிகப் பெரியது. யுஎஸ்சி, என்ஒய்யூ, கார்னெல் போன்றவை ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் எடுக்கின்றன. பிரின்ஸ்டன் 1990-க்குப் பிறகு டிரான்ஸ்ஃபரையே நிறுத்திவைத்திருந்து 2018-இல்தான் மறுபடி தொடங்கியது; எடுப்பதும் மிகச் சிலரை, அதிலும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர், முன்னாள் படைவீரர், வசதி குறைந்தவர்களுக்கு முன்னுரிமை. கார்னெலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் முடித்திருக்க வேண்டிய பாடப் பட்டியல் தனித்தனி. பட்டியலில் உள்ள ஒரு வேதியியல் பாடம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இராது.

கேள்வி: மே கடைசியில் இடம் கிடைத்தால், முன்பணம் கட்டச் சில நாள்தான் தருவார்களாம். அதற்குள் என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு தாய், மாசசூசெட்ஸ்

பல இடங்களில் முடிவு மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் வரும். பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரமே கிடைப்பது வழக்கம். அதனால் வேலையை முன்பே செய்து வைக்க வேண்டும். இப்போதைய கல்லூரியில் இலையுதிர் செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்யுங்கள், விடுதி இடத்தையும் பிடித்து வையுங்கள். புதிய இடம் கையில் உறுதியாகும் முன் விலகல் கடிதம் கொடுக்கவே கூடாது. விலகாமல் ‘லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்’ (தற்காலிக விடுப்பு) எடுக்க வழி இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள்.

இடம் கிடைத்த அன்றே கேட்க வேண்டியது கிரெடிட் மதிப்பீட்டு அறிக்கை. சில பல்கலைகள் ஒப்புதல் கடிதத்தோடு அதை அனுப்பும். சில, முன்பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்று சொல்லும். அப்படிச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் அலுவலகத்துக்கும் துறையின் ஆலோசகருக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதுங்கள். மேஜருக்கான நான்கைந்து முக்கியப் பாடங்களின் சிலபஸை இணையுங்கள். இவை எந்தெந்தப் பாடத்துக்கு ஈடாகும், எந்த ஆண்டு மாணவராகச் சேர்கிறேன், எத்தனை செமஸ்டரில் முடிக்க முடியும் என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் “கவலைப்படாதீர்கள், எல்லாம் வந்துவிடும்” என்ற பதில் பதிலே அல்ல. எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு உதவித்தொகைக் கடிதம். அதில் உள்ளது ஓராண்டுக்கா, எத்தனை செமஸ்டர் வரை என்று பாருங்கள். நான்கு செமஸ்டருக்கு மட்டும் உதவி, படிப்போ ஐந்து செமஸ்டர் என்றால் ஐந்தாவதற்கு முழுக் கட்டணம் உங்கள் தலையில். விடுதி டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு உறுதியா என்றும் கேளுங்கள். பல இடங்களில் இல்லை. ஜூன் மாதம் வெளியே வாடகைக்குத் தேடுவது, அதுவும் பாஸ்டன் போன்ற நகரத்தில், பெரும் செலவு.

மேஜர் உறுதியா என்பதும் முக்கியம். பல்கலைக்குள் இடம் கிடைத்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசினஸ் போன்றவற்றுக்குள் நுழைய மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. ஒப்புதல் கடிதத்தில் மேஜரின் பெயர் எழுதியிருக்கிறதா, ‘முடிவாகவில்லை’ என்று இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள்.

கடைசி செமஸ்டரின் மதிப்பெண் ஜூனில் போகும். அதில் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. இடம் கிடைத்த பிறகும் மகனோ மகளோ இறுதித் தேர்வை முழுமூச்சாக எழுதட்டும். இறுதி டிரான்ஸ்கிரிப்டை, எல்லாக் கிரேடும் பதிவான பிறகே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் முந்தி அனுப்பினால் பாதி காலியாகப் போய், ஜூலை முழுக்க மறுபடி அனுப்பும் வேலைதான் நடக்கும்.